அமெரிக்க ஸ்பேனருக்கு நான் கொடுத்த நற்சான்று

ஸ்பேனர் நல்லதா கெட்டதா என்று சொல்லப் போய், குடும்பத்தையே நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தவன் நான். இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தப் பத்து நாளும் நான் பட்ட பாட்டை அவர்கள் பார்க்கவில்லை.

ஐம்பதுகளின் பின்பாதி அது. இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டர் நான். எங்கள் பக்கத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இஸ்டோர் என்பார்கள். கொழுந்து அரைக்கிற ரோலர், காய வைக்கிற டிரையர், எல்லாவற்றையும் இழுக்கிற எஞ்சின், இதில் எது நின்றாலும் என் பெயரைத்தான் ஏலம் போடுவார்கள். எனக்குத் துணையாக இருந்தவர் என் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்பேனர்கள்.

அந்த ஸ்பேனர்களின் வயது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் இழுத்து இழுத்து, வாய் அகன்று போனவை. மெஷினில் இருந்த நட்டுகள் மட்டும் என்ன வாழ்ந்தன? மூலையெல்லாம் மழுங்கி, ஆற்றுக் கல் மாதிரி உருண்டு கிடந்தன. அகன்ற வாயை மழுங்கிய நட்டில் போட்டால் லொடலொட என்று ஆடும். அதனால் இரும்பு அறுக்கிற பிளேடு உடைந்தால் நாங்கள் தூக்கிப் போடுவதே இல்லை. துண்டு துண்டாக ஒடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வோம். நட்டுக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் ஒரு துண்டைச் சொருகி, பிடிமானம் வந்ததும் இழுப்போம். அந்த இஸ்டோரில் பிளேடுத் துண்டு இல்லாமல் எந்த நட்டும் திரும்பியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதுதான் வேலை செய்கிற முறை என்றே நான் நினைத்திருந்தேன்.

அந்தத் துண்டு வழுக்கித்தான் ஒரு நாள் மச்சானின் கை போய் ரோலரின் இரும்புக் காலில் அறைந்தது. இரண்டு விரல் முறிந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது, விரல் மடங்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் அவர் உட்கார்ந்து சோற்றைப் பிசைய முடியாமல் அளைந்துகொண்டிருக்கும்போது என் மனைவி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். எனக்குப் பொறுக்கவில்லை. இஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கரைப் பிடித்து, அவர் வழியாகத் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடம் எங்களுக்கு நல்ல ஸ்பேனர் வேண்டும் என்று கேட்டேன்.

ஒரு மாதம் பேச்சுமூச்சு இல்லை. பிறகு கொழும்பிலிருந்து ஒரு விற்பனைக்காரர் காரில் வந்து இறங்கினார். மழையில் சறுக்கிச் சறுக்கி ஏறி வந்த கார். பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசினார். அவர் திறந்த தகரப் பெட்டிக்குள் பதினான்கு ஸ்பேனர்கள் வெள்ளிப் பாத்திரம் போல மின்னிக்கொண்டு படுத்திருந்தன. எல்லாம் அமெரிக்காவில் செய்ததாம், உடைந்தால் வேறு தருவார்களாம். விலையைச் சொன்னார். என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேலே. டீமேக்கர் இருமினார்.

பெரிய தொரை வெள்ளைக்காரர். சாமானை ஒரு நாள் பங்களாவில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"ஒரு கிழமை நீ பாரு. நல்ல சாமான்னா சொல்லு, நான் வாங்குறது. பொய் சொன்னா பத்துச்சீட்டு."

சிரித்துக்கொண்டு சொன்னாரா, முறைத்துக்கொண்டு சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் மீசை அப்படி. பத்துச்சீட்டு என்பது தோட்டத்தை விட்டு ஆளைக் கழிக்கிற சீட்டு. அது கைக்கு வந்தால் வேலையோடு லயத்துக் காம்பராவும் போகும். அந்த நேரம் என் மனைவிக்கு ஏழு மாதம். போதாததற்கு எங்கள் பிரஜாவுரிமை விண்ணப்பத்துக்கு, இத்தனை வருடமாக இந்தத் தோட்டத்தில்தான் இருக்கிறோம் என்று தொரை எழுதித் தர வேண்டும். அந்தக் கடிதாசி அவர் மேசையில் கிடந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் நாங்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆட்கள்.

ஆகவே, பெண் பார்க்கப் போனவன் மாதிரி அந்த ஸ்பேனர்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றாகக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினேன், கோயில் மணி போலக் கணீரென்றது. அரத்தை வைத்து இழுத்தேன், வழுக்கிக்கொண்டு ஓடியது, ஒரு கீறல் விழவில்லை. பெரிய ஸ்பேனரின் கைப்பிடியில் நாலடிக் குழாயை மாட்டி நானும் மச்சானும் தொங்கினோம். நம் பழைய ஸ்பேனராக இருந்தால் வாயைப் பிளந்திருக்கும். இது அசையவில்லை. கடைசியாக ரோலரின் காலில் இருந்த நட்டுகளில் போட்டுப் பார்த்தேன். லேசாக ஆடியது. எது ஆடாது இங்கே? பையில் இருந்து பிளேடுத் துண்டை எடுத்துச் சொருகினேன். கச்சிதமாகப் பிடித்தது. ஆறு நாள் அத்தனை நட்டையும் அப்படியே கழற்றி மாட்டினோம். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மச்சான் கண்ணே ஈரமாகிவிட்டது.

ஏழாம் நாள் தொரை முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்று, பர்ஸ்ட் கிளாஸ் சாமான் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் சொல்லித் தொலைத்தேன். என் வாய்க்குப் பூட்டுப் போட அன்றைக்கு ஆள் இல்லை. தொரை தலையாட்டினார். ஸ்பேனர்களை வாங்கி, பெட்டியை இஸ்டோர் அலுவலறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். வேண்டும்போது டீமேக்கரிடம் சாவி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்த கிழமையே இங்கிலாந்திலிருந்து ரோலருக்குப் புது நட்டும் போல்ட்டும் வந்து சேர்ந்தன. மூலை மழுங்காத, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய நட்டுகள். அத்தனை வருடத்தில் புது நட்டை அன்றைக்குத்தான் தொட்டேன். ஆசையோடு அமெரிக்க ஸ்பேனரை எடுத்து மாட்டினேன். ஆடியது. புது நட்டு, புது ஸ்பேனர், எதற்கு ஆட வேண்டும்? பழக்கத்தில் பிளேடுத் துண்டை எடுத்தேன். அது சந்தில் நுழையவில்லை. துண்டு போட இடமும் இல்லை, போடாவிட்டால் பிடியும் இல்லை. இதற்கு அடுத்த சின்ன ஸ்பேனரைப் போட்டேன், நட்டின் தலையிலேயே ஏறவில்லை. இன்னொரு அளவு, இன்னொரு நட்டு. எல்லாம் அதே கதை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அமெரிக்கக்காரன் அவன் நாட்டு நட்டுக்கு அளவெடுத்து ஸ்பேனர் செய்திருக்கிறான். எங்கள் மெஷினெல்லாம் இங்கிலாந்தில் செய்தவை, அந்த அளவே வேறு. வேறு எந்த ஊர் பிட்டராக இருந்தாலும் முதல் நட்டில் போட்டதுமே, இது சேராது என்று பெட்டியை மூடியிருப்பான். பிளேடுத் துண்டிலேயே பிழைத்த நான், அளவு தப்பியதைத் தேய்மானம் என்று நினைத்து, இடைவெளியை அடைத்து அடைத்து ஆறு நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ரோலர் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மச்சானிடம் சொல்லவில்லை. அவரைக் கொழுந்து வாட்டுகிற மாடிக்கு அனுப்பிவிட்டு, புது நட்டுகளை அந்தப் பழைய வாய் பிளந்த ஸ்பேனரால் நானே மாட்டி முடித்தேன். அதற்குப் பிறகு அலுவலறைச் சாவியை வாங்கவே இல்லை. இவ்வளவு காசு போட்டு வாங்கியதைப் பூட்டி வைத்துவிட்டு இன்னும் ஏன் அந்தக் குப்பையோடு மல்லுக்கட்டுகிறாய் என்று டீமேக்கர் கேட்டார். பெரிய வேலைக்கு வைத்திருக்கிறேன் என்றேன். இரண்டு நாள் கழித்துத் தொரை ரோலர் பக்கம் வந்து, புது ஸ்பேனர் எப்படி என்றார். பர்ஸ்ட் கிளாஸ் என்று இரண்டாம் தடவையும் சொன்னேன். முதல் தடவை சொன்னது முட்டாள்தனம். இரண்டாம் தடவை சொன்னது சுத்தப் பொய். பொய் சொன்னால் என்ன என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

பத்து நாள். எஞ்சின் கொஞ்சம் சத்தம் மாறினால் விழுந்தடித்து ஓடுவேன். கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்து நடந்து வந்தால், சீட்டுத்தான் கொண்டுவருகிறார் என்று நினைப்பேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் தொரை யாரையோ திட்டினாலும் என்னைத்தான் என்று பின்னால் போய் நிற்பேன். சோறு இறங்கவில்லை. பிள்ளைத்தாச்சி மனைவி, தன் பங்கையும் எனக்கே தள்ளிவைத்து, என்ன என்று சொல்லுங்கள் என்று நச்சரித்தாள். எட்டாம் நாள் அவளிடம் மட்டும் சொன்னேன். அவள் கத்தவில்லை. எந்தச் சாமானை முதலில் கட்டுவது என்பது போலக் காம்பராவைச் சுற்றிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

பத்தாம் நாள் காலை பங்களாவிலிருந்து ஆள் வந்தது. தொரை என்னை வரச் சொன்னாராம். ஸ்பேனர் பெட்டியோடு.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஏறும்போது என்ன சொல்வது என்று மனப்பாடம் செய்துகொண்டே போனேன். பொய்யை அவராகக் கண்டுபிடிப்பதைவிட நானாக விழுவது மேல் என்று தோன்றியது. பங்களா முற்றத்தில் அவருடைய ஜீப்பின் மூடியைத் திறந்து வைத்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்தார். யுத்தம் முடிந்த பிறகு ஏலத்தில் எடுத்த பழைய அமெரிக்க ஜீப் அது. நான் பெட்டியை இறக்கிய கையோடு, அவர் வாயைத் திறப்பதற்குள் கொட்டிவிட்டேன்.

"தொரை, நான் தப்பு சொல்லிட்டேங்க. இந்த ஸ்பேனரு நம்ம மெஷினுக்குச் சேராதுங்க. அளவு வேறங்க. மன்னிச்சுக்கோங்க தொரை."

அவர் நிமிரவே இல்லை.

"தெரியும்," என்றார். "மொத நாளே தெரியும். பன்னெண்டாவது எடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பன்னிரண்டாவது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை ஜீப் எஞ்சினில் ஒரு நட்டின் மேல் வைத்தார். வைத்ததும் அது அப்படியே உட்கார்ந்துகொண்டது. ஒரு நூல் சந்து இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. ஒரே இழுப்பில் நட்டு சத்தமில்லாமல் திரும்பியது. என் இருபது வருட வேலையில், நட்டில் சரியாக உட்கார்ந்த ஒரு ஸ்பேனரை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன்.

"நீ சொன்னது சரி. நல்ல இரும்பு," என்றார். பெட்டி இங்கேயே இருக்கட்டும், நீ போகலாம் என்று கையைக் காட்டினார். ஸ்பேனர் யாருக்கு வாங்குகிறேன் என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சலாம் போட்டேன். ரொம்ப நன்றிங்க தொரை என்றேன். இரண்டு தடவை சொன்னேன். பங்களாக் கதவைத் தாண்டியதும், வழுக்கப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் குறுக்குப் பாதையில் ஓடினேன். நேராக லயத்துக்கு.

அவள் வாசலில் நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னாங்க, பத்துச்சீட்டா?"

"இல்ல புள்ள. சத்தம்கூடப் போடல. வேல இருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்து, மாரியம்மா தாயே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, தொரை சொன்னதையெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பத்து நாளுக்குப் பிறகு சிரித்த சிரிப்பு. பாதியில் அவள் கேட்டாள்.

"அப்ப அந்த ஸ்பேனரெல்லாம்?"

"தொரையோட ஜீப்புக்கு."

"அப்ப எங்கண்ணனுக்கு?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பேனர் கேட்டதே மச்சானுடைய கைக்காகத்தான். அதே தொரையின் எதிரில் நின்றேன், பேச வாய் இருந்தது, அவர் கோபமாகவும் இல்லை. அப்போது எங்களுக்கு என்ன வழி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை. நன்றி மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பத்து நாளும் நான் நடுங்கியது என் காம்பராவுக்கு, என் கடிதாசிக்கு. அந்த மனிதனின் கை ஒரு தடவைகூட என் நினைவுக்கு வரவில்லை. அவள் எழுந்து உலை வைக்கப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் மச்சானே பங்களா ஆள் சொல்லி விஷயம் கேள்விப்பட்டு இஸ்டோரிலிருந்து ஓடி வந்தார். என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வேல தப்பிச்சிருச்சுல்ல மாப்பிள்ள, அது போதும். நீங்க இன்னிக்கு வீட்டுலயே இருங்க. ரெண்டாம் நம்பர் ரோலர் லூசாயிருக்கு, நான் போய் இறுக்கிட்டு வந்துர்றேன்."

பத்து நாளும் பயத்தில் அழாதவன், அப்போதுதான் அழுதேன்.