ஏழு நாளில் அழித்த முகம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, திண்டுக்கல் நாகல் நகரில் நான் குடியிருந்த மாடி அறையில் நடந்தது இது. சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, தனி ஆளாக வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. அண்ணனோடு பேச்சுவார்த்தை கிடையாது. கீழே சாப்பாட்டுக் கடை பாயிடம் "இன்னைக்குத் தொட்டுக்க என்ன வெஞ்சனம்?" என்று கேட்பதுதான் பல நாட்களில் நான் வாய் திறந்து பேசும் ஒரே பேச்சு. அதற்கும் அவர் பதில் சொல்லாமல் பார்சலைக் கட்டி நீட்டிவிடுவார்.

பிளக்ஸ் பேனரும் போஸ்டரும் அடிக்கிற ஒரு கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தேன். வீட்டிலிருந்தே படத்தை ஏற்றி, வாசகம் எழுதி, போஸ்டர் எப்படி வரும் என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆர்டர் கொடுத்தால் படம் பத்திரமான இடத்துக்குப் போய்விடும். கொடுக்காவிட்டால், தற்காலிகமாக வைத்திருக்கும் டெம்ப் ஃபோல்டரிலேயே கிடக்கும். அது நிரம்பி வழிந்து ஒருநாள் சைட்டே நின்றுபோனது. கடைக்காரர் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். ஆர்டர் ஆகாமல் ஏழு நாள் தாண்டிய படங்கள் தானாகவே அழிந்துபோகும்படி நாலு வரி எழுதிப் போட்டேன். சேர்ந்து கிடந்ததெல்லாம் ஒரு நொடியில் காலி. வீடு பெருக்கி முடித்த திருப்தியோடு சாப்பிடப் போனேன்.

மறுநாள் காலையில், சைட்டில் போட்டிருந்த என் நம்பருக்கு வடமதுரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். பஞ்சு மில்லில் வேலை பார்ப்பவர். லோடு வண்டி ஓட்டிய கணவர் இறந்து வருஷம் திரும்பப் போகிறது. நினைவஞ்சலி போஸ்டருக்காக அவர் படத்தை ஏற்றியிருக்கிறார். அதற்குப் பிறகு பஸ்ஸில் போன் தொலைந்துபோக, அந்தப் படம் வேறு எங்கும் இல்லை. படம் ஏற்ற உதவிய பக்கத்து வீட்டுப் பெண் அனுப்பிய லிங்கைப் புதுப் போனில் திறந்து, தினமும் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு தரம் பார்ப்பாராம். இன்றைக்கு வெறும் கட்டம்தான் தெரிகிறது என்றார்.

எனக்கு வந்த கோபத்தைப் பாருங்கள். ஆர்டரே போடாத படத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, ஏழு நாளில் அழியும் என்று அதிலேயே போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்று கேட்டேன். போட்டிருந்தது வாஸ்தவம்தான், அதுவும் முந்தின நாள்தான். அடியில், பொடி எழுத்தில், இங்கிலீஷில். அந்த அம்மா சண்டைக்கு வரவில்லை.

"எழுத்தெல்லாம் நான் பாக்கல தம்பி. அவுக முகத்தத்தான் பாத்தேன்."

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் நானே திரும்ப அழைத்து, ஏன் இத்தனை நாள் ஆர்டர் போடவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். எங்கள் பக்கம் போஸ்டரின் அடியில் 'இப்படிக்கு' என்று போட்டு சொந்தக்காரர்களின் பெயரை வரிசையாகப் போட வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் உறவு முறியும், கேட்காமல் போட்டாலும் சண்டைதான். கணவரின் அண்ணனிடம் பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டு, நாற்பது நாளாகப் பதிலுக்குக் காத்திருக்கிறார்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் என் பெயர் விட்டுப்போனதில்தான் அண்ணனோடு எனக்குப் பேச்சே நின்றது. ஒரு பெயருக்கு இந்த ஊரில் எத்தனை நாள் காத்திருப்பார்கள் என்று தெரிந்தவன், ஏழு நாள் போதும் என்று முடிவு கட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பேக்கப்பைத் தேடினேன். டெம்ப் ஃபோல்டருக்கு எதற்கு பேக்கப் என்று அதையும் நானே நிறுத்தி வைத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டை மறந்து துழாவியதில், கடைக்காரர் பட்டியலில் பார்ப்பதற்காகத் தபால்தலை அளவில் தனியாகச் சேரும் குட்டிப் படங்கள் கண்ணில் பட்டன. அவற்றை அழிக்க மறந்திருந்தேன். வாழ்க்கையில் என் கவனக்குறைவுக்கு நான் நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான். வண்டிப் படியில் உட்கார்ந்து, தோளில் துண்டோடு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போனது. எத்தனையோ விதமாக முயன்றும் அந்தச் சிரிப்பு பெரிதாகவில்லை.

போனில் சொல்ல மனம் வரவில்லை. அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வடமதுரைக்கு பஸ் ஏறினேன். அந்த அம்மா மில் விட்டு வந்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க, வாசலிலேயே நின்று வாங்கிப் பார்த்தார். இதற்கு மேல் பெரிதாகாது, தப்பு என்னுடையதுதான் என்றேன். அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அடுத்த வீட்டில் குக்கர் கூவி அடங்கியது.

"சின்னதாவே இருக்கட்டும் தம்பி. நான் கிட்டக்கப் போயிப் பாத்துக்கிறேன்."

பிறகு, கணவரின் அண்ணன் பதிலுக்கு இனிக் காத்திருக்கப்போவதில்லை, தன் பெயரை மட்டும் போட்டால் போதும் என்றார். காகிதத்தின் நடுவில் தபால்தலை அளவுக்கு ஒரு சிரிப்பு, சுற்றிலும் வெள்ளை, அடியில் ஒரே ஒரு பெயர். நான் பார்த்ததிலேயே ஆள் நடமாட்டம் குறைந்த போஸ்டர் அதுதான். அதை அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, எனக்கு ஒரு போஸ்டர் அடித்தால் கீழே யார் பெயர் வரும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஊர் வந்துவிட்டது, ஒரு பெயரும் வரவில்லை.

இப்போது ஏழு நாள் கணக்கு இல்லை. எதையும் அழிக்குமுன் நானே அழைத்து, படம் வேண்டுமா என்று கேட்கிறேன். முக்கால்வாசிப் பேர் அழித்துவிடச் சொல்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் செத்த நேரம் பேசுகிறார்கள். ஆனாலும் வடமதுரையில் ஒரு வீட்டுச் சுவரருகே அந்த அம்மா தினமும் கிட்டப் போய் நின்றுதான் தன் கணவரைப் பார்க்கிறார், அந்த முகத்தை அம்புட்டுச் சிறிதாக்கியவன் நான்தான் என்பது இன்றைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.