வந்தவளை மறுபடி அழைப்பதில்லை

ஒரு கை ஒலிவாங்கியின் மேல் பழைய சேலைத் துணியைச் சுற்றியது. மறு கை அதைப் பூஜைக்காக நட்டிருந்த சோளத்தட்டையோடு சேர்த்துக் கட்டியது. தட்டைகளுக்கு நடுவே பலகையில் அரிசி, அரிசி மேல் கலசம். பாட்டு எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்த்துப் பார்த்து முடிச்சை அவிழ்த்துக் கட்டினாள் ரஞ்சனா. பார்ஷி வட்டாரத்தில் கல்யாணம் முடிந்த வீடுகளில் குலதெய்வத்துக்குப் போடும் கோந்தளப் பாட்டை, புனேயில் உள்ள ஓர் இசைக் காப்பகத்துக்காகப் பதிவு செய்வது அவள் வேலை. படித்து வந்த வேலையல்ல, கெடுத்துக் கெடுத்துக் கற்றது.

காப்பகம் கேட்டது தொடக்கத்து அழைப்பை. ஊர் ஊராகப் பெயர் சொல்லித் தெய்வங்களை வரச்சொல்வது, ஓர் ஊர் விடாமல் வேண்டும். அதுதான் சிக்கவில்லை. ஒரு வீட்டில் ஜெனரேட்டர் இரைந்தது. இன்னொரு வீட்டில் குழந்தை ஒலிவாங்கியைக் கடித்தது. கல்யாணப் பருவம் முடிகிறது. இதுவும் தவறினால் வருஷத்து உழைப்பு வீண்.

பாடகர் தத்தோபா தீவட்டியை ஏற்றினார். இரட்டை மேளம் அதிர்ந்தது. துள்ஜாபூரில் தொடங்கிய அழைப்பு கோலாப்பூர் தாண்டும்போது ரஞ்சனாவின் ஹெட்போனில் திடீரென்று அமைதி.

"யாரு பிளக்கைப் பிடுங்கினது?"

"நான்தாம்மா," என்றார் மாப்பிள்ளையின் மாமா. "சீரியல் பல்பு எரியல. கல்யாண வீடு இருட்டா கிடக்கலாமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு, தத்தோபா வெற்றிலை போட உட்காரும்வரை காத்திருந்தாள்.

"அண்ணே, அழைப்பை மட்டும் இன்னொரு தரம் பாடிடுங்களேன்."

"அம்மன்தான் வந்து உக்காந்துட்டாளே தங்கச்சி. உள்ள இருக்கிறவளை வாசல்ல நின்னு வா வான்னா, எந்திரிச்சுப் போகட்டுமான்னு கேக்க மாட்டா?"

"ஆரத்தி காட்டி அனுப்பின பிறகு?"

"அனுப்பினவளை உடனே ஏத்திக்க நான் என்ன பஸ் கண்டக்டரா?"

"அப்ப நாளைக்கு என் ரூம்ல..."

"வீட்டுக்காரங்க இல்லாம யாருக்காகக் கூப்பிடுறது? உன் மெஷினுக்கா?" வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "ஆமா, உன் கல்யாணத்துக்குக் கோந்தளம் போட்டாங்களா?"

அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று ரஞ்சனாவும் கணவன் ஹேமந்தும் தள்ளிப்போட்ட கடன் அது. வேறு வழியில்லாமல் மாமியாருக்குப் போன் செய்தாள்.

"இத்தனை வருஷமா கத்தினேன், காதுல ஏறல. இப்ப மெஷினுக்காகவா?"

"ரெண்டுக்கும்தான் அத்தை."

"அது அந்த அம்மனுக்குத் தெரியாதுன்னு நினைப்போ?"

திட்டிக்கொண்டே மாமியார் நாள் குறித்தாள். தத்தோபா பாட வந்த அன்று, சொந்த வீட்டில் பிளக்கைச் சுற்றித் துணி கட்டி, மேலே நெல் மூட்டையும் வைத்தாள். ஆனால் இங்கே அவள் வீட்டுக்காரி. கணவனோடு கலசத்தின் முன் உட்கார்ந்து தீவட்டிக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும். மாமியார் வந்து அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டாள். மெஷின் தனியே ஓடியது. பதிவாகிறதா, பாழாகிறதா என்று தெரியாமல், ஊர் ஊராக அழைப்பு போகப் போக அவள் கழுத்து மெஷின் பக்கமே திரும்பியது. அவர்கள் வீட்டுத் தெய்வமான மாகூர் ரேணுகாவின் முறை வந்தது.

"ரஞ்சனா! எண்ணெய் ஊத்து! அங்க என்ன பார்வை?"

ஆரத்தி முடிந்ததும் ஓடிப்போய்ப் பதிவைப் போட்டுக் கேட்டாள். ஓர் ஊர் விடவில்லை. மாகூரின் மேல் மட்டும் மாமியாரின் குரல், மேளத்தையே மிஞ்சும் குரல். வெட்டினால் மாகூரும் போகும். மறுபடி பாடச் சொன்னால் தத்தோபா என்ன சொல்வார் என்பது தெரிந்ததே. தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரமே புனேக்குப் போனாள். காப்பக அதிகாரி கையை நீட்டினார்.

"இந்தத் தடவையாவது சுத்தமா வந்திருக்கா?"

"முழுசா வந்திருக்கு சார். நடுவுல ஒரு அம்மா திட்டுவாங்க, வெட்டிடாதீங்க. அதுக்கு அடியிலதான் மாகூர் இருக்கு," என்று மெமரி கார்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.