அமெரிக்கா அம்மா சிரிச்ச சிரிப்பு

மலேசியாவுல, ஈப்போ டவுன்ல டாக்சி ஓட்டுறேன். படிப்பு ஏறல, வாய் மட்டும் நீளம். ஆஸ்திரேலியாக்காரங்க முன் சீட்டுல உக்காந்து என் தொப்பைய கிண்டல் பண்ணுவாங்க. நானும் திருப்பிக் கிண்டல் பண்ணா தோள்ல தட்டி சிரிப்பாங்க. வெள்ளக்காரங்க எல்லாருமே இப்படித்தான்னு நெனச்சுட்டேன் லா.

போன மாசம் ஒரு அமெரிக்கா அம்மா பின் சீட்டுல ஏறுனாங்க. பக்கத்துல லகாட்ங்கற ஊரத் தாண்டி பழைய ரப்பர் தோட்டத்துக்குப் போகணுமாம். "தனியா வந்துருக்கீங்க, உங்க தொல்ல தாங்காம புருஷன் ஓடிட்டாரா?"ன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல கேட்டேன். சிரிச்சாங்க. நானும் வழி பூரா அதையே சொல்லி ஓட்டுனேன்.

எறங்குனதும் பையிலேருந்து ஒரு டப்பாவ எடுத்தாங்க. "அவரோட சாம்பல். இந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலதான் வாத்தியாரா இருந்தாரு"ன்னாங்க. டப்பாவ நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க, மூஞ்சில மட்டும் அதே சிரிப்பு. "சாரி மேடம்"னேன். அதுக்கும் சிரிச்சாங்க.

இப்பல்லாம் யாரு ஏறுனாலும், "யாரப் பாக்கப் போறீங்க?"ன்னு மொதல்ல கேக்குறேன். கிண்டலெல்லாம் அதுக்கப்புறந்தான்.