அனுமதியில்லாத வலை

சசிகலா டீச்சருக்குத் தமிழ் என்றால் உயிர். கலசப்பாக்கத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்து ஜவ்வாது மலை ஏறி, ஒன்பது வருஷமாக ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் தமிழ் நடத்துகிறாள். அவள் வாயில் பஸ் எப்போதும் 'பேருந்து'தான். "நடத்துநர் வந்துட்டேங்க, சீட்டு வாங்கிக்குங்க" என்று கண்டக்டர்கூட அவளிடம் கிண்டலடிப்பார். அதிலெல்லாம் அவளுக்குக் கோபம் வராது, உள்ளுக்குள் பெருமைதான். பிள்ளைகள்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. அதில் குறை சொல்ல முடியாது.

அந்த வருஷம் பள்ளிக்கு இன்டர்நெட் வந்தது. பிள்ளைகள் கண்டதையும் பார்த்துக் கெட்டுப்போய்விடக் கூடாது, விதிமுறை எழுத வேண்டும் என்றார் தலைமையாசிரியர் கோபால்சாமி. கம்ப்யூட்டர் தெரிந்த யாரிடமாவது கொடுத்திருக்கலாம். மனுஷர், "நல்ல தமிழ்ல இருக்கணும்மா" என்று சசிகலாவிடம் கொடுத்துவிட்டார். போதாதா அவளுக்கு? மூன்று நாள் உட்கார்ந்து பதினொரு விதி எழுதினாள். முதல் விதியில் 'இணைய வலை' என்று தொடங்கியவள், ஓசை நன்றாக இருக்கிறதென்று போகப்போக வெறும் 'வலை' என்று சுருக்கிக்கொண்டாள். விதியை மீறினால் பெற்றோருக்கு எச்சரிக்கைக் கடிதம் போகும் என்பது ஏழாவது.

இரண்டாவது வாரமே மாட்டியது சுவேதா. பன்னிரண்டாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிற பெண். சாப்பாட்டு நேரத்தில் யாரிடமும் அனுமதி கேட்காமல் தனியாக உட்கார்ந்து, நர்சிங் சேர எவ்வளவு மார்க் வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பண்ண மாட்டேன் டீச்சர், வூட்டுக்கு மட்டும் எழுதாதீங்க" என்று கெஞ்சினாள்.

விட்டிருக்கலாம். முதல் ஆளையே விட்டுவிட்டால் தன் விதியை யார் மதிப்பார்கள் என்று சசிகலாவுக்கு ஒரு வீம்பு. அன்றைக்கே கடிதம் எழுதி, சுவேதாவின் ஊருக்குப் போகிற ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினாள்: 'தங்கள் மகள் அனுமதியின்றி வலையைப் பயன்படுத்தியது கண்டறியப்பட்டுள்ளது. மீண்டும் நிகழ்ந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.'

மூன்றாம் நாள் சுவேதாவின் அப்பா மாதையன் வந்தார். ஊரில் சாமி கும்பிடுகிறோம், இரண்டு நாளில் அனுப்புகிறேன் என்று சொல்லி மகளை அழைத்துப் போனார். சசிகலாவைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. மனிதருக்குக் கூச்சம் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் என்றது பத்து நாள் ஆயிற்று. போன் போட்டால் போகவில்லை. பொதுத்தேர்வோ நெருங்கிவிட்டது. சனிக்கிழமை சசிகலாவே நடந்து அவர்கள் ஊருக்குப் போனாள். வீட்டில் சின்னக்குழந்தை என்ற பெயருள்ள சுவேதாவின் அம்மா மட்டும் உட்கார்ந்து புளியை அடித்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர். நீங்க நல்லா இருக்கணும். முன்னாடியே எழுதிப்போட்டு எங்களக் காப்பாத்துனீங்க."

"நான் என்னம்மா காப்பாத்தினேன்?"

"வலைய அன்னிக்கே கொளுத்திட்டோம் டீச்சர். மொசலுக்குக் கட்டுறதுதான், பரண்மேல கெடந்துச்சு. பொண்ணு அதத் தொட்டதுகூட இல்ல. முன்ன ஒருக்கா மொசலு புடிச்சதுக்கு பாரஸ்ட்டுக்காரங்க புடிச்சி இவரு நாப்பது நாளு உள்ள இருந்தாரு. இப்ப பொண்ணு பேர்ல கேஸுன்னா இன்னா பண்றது? டீக்கடையில லெட்டரப் படிச்சிச் சொன்னதும் மனுசன் ஆடிப்போய்ட்டாரு."

"ஐயோ, முயல் வலை இல்லம்மா! கம்ப்யூட்டர்! நெட்டு! அவ நெட்டுதான் பார்த்துட்டிருந்தா, வேற ஒண்ணுமில்ல!" என்று சசிகலா கத்திவிட்டாள்.

"செல்லுல பாக்குறமே, அந்த நெட்டா?"

"அதேதான்."

"அத நெட்டுன்னே எழுதியிருக்கலாமே டீச்சர்" என்றாள் சின்னக்குழந்தை.

அறைந்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. "சுவேதா சொல்லலையா?" என்று கேட்டாள்.

"லெட்டர அதுகிட்ட காட்டவே இல்ல, பயந்துடும்னு. கம்ப்யூட்டரத் தொட்டதுக்குத்தான் படிப்ப நிறுத்துறாங்கன்னு அது நெனச்சிக்கிச்சி. அப்பன் கால்ல வுழுந்து அழுதுச்சு."

"எங்க இருக்காங்க? நானே போய் கூட்டினு வர்றேன்."

"கர்நாடகா பக்கம் காப்பித் தோட்டம். எந்தத் தோட்டம்னு எனக்கே சொல்லல. யாருனா வந்து மெரட்டுனா நீ உளறிடுவன்னுட்டாரு. போனு இருந்தா கண்டுபுடிச்சிடுவாங்கன்னு அதையும் ஆஃப் பண்ணி இங்கயே போட்டுட்டுப் போய்ட்டாரு."

சசிகலா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வெட்கமாக இருந்தது, அழுகையை நிறுத்தவும் முடியவில்லை. சின்னக்குழந்தை அழவில்லை. "கேஸு இல்லன்னு யாருனா சொன்னா வந்துடுவாரு. யார அனுப்புறது, எங்க அனுப்புறது, சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பதினேழு நாள் கழித்துத் தமிழ்த் தேர்வு நடந்தது. சுவேதா வரவில்லை.