கூழைக்கடாவுக்குப் பின்னால் நின்றவர்

கல்குடாவில் கேதீசனை எல்லாரும் ‘கமராக் கேதீஸ்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் ஒரு கலியாண வீட்டையோ பிறந்தநாளையோ படமெடுத்தது கிடையாது. வாழைச்சேனைப் பக்கம் ஓர் ஐஸ் ஆலையில் இயந்திரம் பார்ப்பது அவருடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வடக்கே ஓடிப்போய், பனிச்சங்கேணிக் களப்பின் ஓரத்தில் சேற்றோடு சேறாகக் குந்திக்கொண்டு கூழைக்கடாவையும் நாரையையும் படமெடுப்பார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கமராதான் இருந்தது. அதுவும் ஓட்டமாவடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் இல்ஹாம், கட்டாரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்து, பிறகு இவரிடம் கைமாற்றிய பழைய கமரா.

அவருக்கு முகநூலில் ஒரு பக்கம் இருந்தது. கமரா வைத்திருக்கும் ஆசிரியர்கள், தாதிமார், ஓட்டோ ஓடுகிற இளைஞர்கள் என்று பலர் அதைப் பார்த்தார்கள். கேதீசன் முகத்தைக் காட்டமாட்டார். மேசையில் சாமானை வைத்துவிட்டுக் கைகளை மட்டும் காட்டிக்கொண்டு பேசுவார்.

“உப்புக் காத்துல லென்ஸ சும்மா வெச்சா பூஞ்சணம் பிடிக்கும். அதுக்கு விலை கூடின பெட்டி தேவையில்ல. இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பா ஒண்டு, மருந்துப் போத்தலுக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பொட்டலம் கொஞ்சம், அவ்வளவுதான். தோணிக்குள்ள ஸ்டாண்ட் நிக்காது. பழைய காற்சட்டைக் கால வெட்டி, உமிய நிரப்பித் தைச்சுப்போட்டு, அதுக்கு மேல லென்ஸ வையுங்க. வீட்ட வந்த உடன பிழையாப் போன படத்தையெல்லாம் அழிச்சிருங்க. சேத்து வெச்சா குப்பைதான்.”

மனிதர்களை ஏன் எடுப்பதில்லை என்று யாராவது கேட்டால், இந்த லென்ஸ் பறவைக்குத்தான் சரி என்று சொல்லித் தப்பிவிடுவார். உண்மை வேறு. அவர் கதிரவெளியில் பிறந்தவர். சுனாமி வந்த வருடம் இளந்தாரி. பள்ளிக்கூட விறாந்தையில் கிடத்தியிருந்த தாயின் உடலுக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தபோது, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எதிரில் குந்தி, ஒரு வார்த்தை கேட்காமல் படமெடுத்தார். வெளிச்சம் போதவில்லைபோல. கொஞ்சம் நகர்ந்து இன்னொன்றும் எடுத்தார். பிறகு எழுந்து போய்விட்டார். பின்னாளில் தன் கைக்குக் கமரா வந்தபோது, ஒரு மனித முகத்துக்கு நேரே அதைத் தூக்கக் கேதீசனால் முடியவில்லை. களப்பில் தோணி குறுக்கே வந்தால் கமராவை இறக்கிவிட்டுக் காத்திருப்பார். தவறி யாராவது படத்துக்குள் வந்துவிட்டால் அதை அன்றைக்கே அழித்துவிடுவார்.

அப்படிக் குறுக்கே வரும் தோணிகளில் ஒன்று கதிரவெளி றஜீவனுடையது. வீச்சுவலைக்காரன். கேதீசனைக் கண்டால் பறவை கலையாதபடி தோணியை ஒதுக்கிக்கொண்டு போவான். ஒருநாள் கரையோரம் வந்து சிரித்தான்.

“அண்ணே, என்னையும் ஒண்டு எடுங்களன். இந்தக் குருவியள விட நான் என்ன குறைச்சலா?”

“இது தூரத்துக்குத்தான் தம்பி சரி. கிட்ட நிண்டா விழாது” என்றார் கேதீசன்.

“அப்ப நான் தூரத்துல போய் நிக்கிறன்.”

இருவரும் சிரித்தார்கள். கேதீசன் எடுக்கவில்லை.

மாரி தொடங்கிய கார்த்திகையில், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரப் பக்கம் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து றஜீவனின் தோணியைப் புரட்டிவிட்டன. அடுத்த நாள் உடல் கரையொதுங்கியது. சட்டைப்பையில், பொலித்தீன் பையில் சுற்றியபடி அவனுடைய போன் இருந்தது. பைக்குள் தண்ணீர் நிறைந்திருந்தது.

செத்தவீட்டுக்குக் கேதீசனும் போய்வந்தார். சில நாட்களுக்குப் பிறகு றஜீவனின் மனைவி உசாந்தி, மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்குடாவுக்கு அவர் வீட்டைத் தேடி வந்தாள். முந்தானையில் முடிந்திருந்த போனை அவிழ்த்து நீட்டினாள்.

“அண்ணே, நீங்க இதுகளப் பத்தி எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கிறயளாம். இதுக்குள்ளதான் அவர்ர படம் எல்லாம் இருக்கு. எப்படியெண்டாலும் எடுத்துத் தாங்க.”

“வேற படம் இல்லையா?”

“கலியாண அல்பம் போன வெள்ளத்துல ஊறிப் போயிற்று. அடையாள அட்டையும் அவரோட தண்ணிக்குள்ள போயிற்று. முப்பத்தோராம் நாளுக்கு வைக்க ஒரு படம் இல்லண்ணே.”

கேதீசன் போனைத் திருப்பிப் பார்த்தார். “இத என்ன செய்தீங்க?”

“அரிசிக்குள்ள வெச்சம். பிறகு வெயில்ல காயவெச்சுப்போட்டு சார்ஜில போட்டம். ஒருக்கா வெளிச்சம் வந்தது. பிறகு சுட்ட மணம் வந்து நிண்டுபோயிற்று.”

உப்புத்தண்ணீரில் விழுந்த போனைப் பற்றி அவரே ஒரு வீடியோ போட்டிருந்தார். உடனே நல்ல தண்ணீரில் அலசவேண்டும், அரிசி உப்பை எடுக்காது, எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடக்கூடாது, நேரே திருத்துகிறவரிடம் கொண்டு போகவேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்த வீடியோ. அதை அவளிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

உசாந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அத எங்களுக்கு ஆரும் காட்டயில்லண்ணே” என்றாள்.

அன்றைக்கே அவர்களை ஓட்டமாவடிக்குக் கூட்டிப்போனார். இல்ஹாம் கடையில் போனைத் திறந்து, பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தான். உள்ளிருந்த பலகை முழுக்கப் பச்சைக் களிம்பு. நடுவில் கறுப்பாக எரிந்த தழும்பு. வெகுநேரம் தூரிகையால் தேய்த்தான், சூடு காட்டினான், கம்பி வைத்துத் தொட்டுப் பார்த்தான். கடைசியில் எல்லாவற்றையும் மேசையில் வைத்தான்.

“தங்கச்சி, மெமரி காட் எண்டு தனியா ஒண்டு போட்டிருந்தா எடுத்திருக்கலாம். இது எல்லாம் உள்ளுக்குள்ளயே இருந்திருக்கு. கருகிட்டுது. என்னால ஏலா.”

அவள் அழவில்லை. கழற்றிப் போட்ட போனின் துண்டுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீடு திரும்பிய கேதீசன், பழைய படங்கள் கிடந்த ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தார். எத்தனையோ மழைக்காலத்துக் களப்பு அதில் கிடந்தது. றஜீவனின் தோணி அகப்பட்ட படம் ஒன்றாவது தப்பியிருக்காதா என்று அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் தேடினார். பறவைகள்தான் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு ஞாயிறும் தன் கையாலேயே எவ்வளவு சுத்தமாக மனிதர்களைத் துடைத்தெடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஒரேயொரு படம் அகப்பட்டது. முன்னால் கூழைக்கடா ஒன்று சிறகு விரித்து நிற்கிறது. இறகின் ஒவ்வொரு நாரும் தெரிகிறது. பின்னால், தண்ணீரும் கண்டல் மரங்களும் கரைந்த பச்சைக்குள், தோணியில் குனிந்து வலையை இழுக்கும் ஓர் ஆளின் நிழல். பின்னணி இப்படிக் கரைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த லென்ஸை அவர் எல்லாருக்கும் சிபாரிசு செய்து வந்தார். அந்தச் சட்டை நிறத்தையும் தோணியின் வளைவையும் வைத்து றஜீவன் என்று நினைத்தார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறப் பொட்டு ஒன்று மட்டும்.

இல்ஹாம் ஒரு வழி சொன்னான். “மங்கின முகத்தத் தெளிவாக்கிற ஆப் ஒண்டு இப்ப வந்திருக்கு. போட்டுப் பாப்பமா?”

போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த மண்ணிறப் பொட்டில் ஒரு முகம் முளைத்தது. மூக்கு, மீசை, கண்ணில் வெளிச்சம், எல்லாம் இருந்தது. அழகான முகம். நல்லதாய் இருக்கிறது என்று இல்ஹாம் சொன்னதால், மங்கலான படம், தெளிவாக்கிய படம் இரண்டையும் பிரதி எடுத்துக்கொண்டு கேதீசன் கதிரவெளிக்குப் போனார்.

உசாந்தி தெளிவான படத்தை முதலில் வாங்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது.

“இது ஆரு?”

கேதீசன் அதைத் திருப்பி வாங்கி, அவள் கண்முன்னாலேயே கிழித்தார். மற்றதைக் கொடுத்தார். அதை அவள் வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“இது அவருதான். இடது காலக் கொஞ்சம் மடிச்சுத்தான் வலை இழுக்கிறவரு” என்றாள். பிறகு, “ஆனா இத மாட்டி வெச்சா என்ர பிள்ளைக்கு என்னண்ணே விளங்கும்? அது பறவையத்தான் பாக்கும்” என்றாள்.

முப்பத்தோராம் நாளன்று படமில்லாமல் விளக்கு மட்டும் எரிந்தது. வந்தவர்கள் வெறும் கதிரைக்கு முன்னால் பூப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். அந்தப் பிரதி அலுமாரிக்குள், துணிகளுக்கடியில் இருந்தது.

சனம் கலைந்த பிறகு உசாந்தி கேதீசனிடம் வந்தாள். “அண்ணே, கமரா கொண்டு வந்திருக்கிறயளா?”

மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இருந்தது.

“என்னையும் பிள்ளையையும் ஒண்டு எடுங்க. நாளைக்கு எனக்கு என்னவும் ஆனா அதுக்கு ஒரு முகம் வேணும்.”

அவர் சிறிய லென்ஸைப் பூட்டினார். அவள் மகளின் தலையை வாரி, மடியில் இருத்தி, கதிரையில் உட்கார்ந்தாள். கமராவின் கண்ணாடித் துவாரத்துக்குள் அந்த இரண்டு முகங்களும் வந்தன. பள்ளிக்கூட விறாந்தைச் சீமெந்தின் குளிரோடு, எதிரில் குந்தியிருந்த அந்த மனிதரும் கேதீசனுக்கு நினைவுக்கு வந்தார். கமராவை இறக்கினார்.

“எடுக்கட்டா தங்கச்சி?” என்று கேட்டார்.

“எடுங்க.”

எடுத்தார். உசாந்தி சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, பக்கத்து வீட்டு முதியவர் கனகசூரியம் தோய்த்த சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து நின்றார். “என்னையும் ஒண்டு எடு மகன். இருக்கட்டும்” என்றார். அவருக்குப் பின்னால் கடலுக்குப் போகிற ஆண்கள் சிலரும் நின்றார்கள். எதற்காக என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதன்பிறகு கேதீசன் பனிச்சங்கேணியில் இறங்குவது குறைந்துபோனது. முகநூல் பக்கத்தில் இப்போது புதிதாக ஒன்றும் வருவதில்லை. எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யாராவது கேட்டால் சுருக்கமாகப் பதில் எழுதுகிறார். மழை விட்ட ஞாயிறுகளில் கதிரவெளிக்குப் போய், ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆட்களை நிறுத்தி, அவர்களைக் கேட்டுவிட்டுப் படமெடுக்கிறார். அவர்கள் நேராக நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தங்கள் செத்தவீட்டைப் பார்ப்பதுபோலக் கமராவைப் பார்க்கிறார்கள்.