டிரம்முக்குள் ஒரு கை

பெயர்த் தகட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டுதான் டிரம்மைத் தூக்குவார் லிஃப்ட் மெக்கானிக். பிறகு அதைச் சாய்த்து, தோலில்லாத அடிப்பக்கமாக முழங்கை வரை கையை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். மாட்டு டாக்டர் தோற்றார் போங்கள்.

பழைய சாமான் கடைக்கு டிரம் வந்தால் போதும், இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். அதிலும் ஜப்பான் டிரம்மாக இருக்க வேண்டும். அறுபது வருடங்களுக்கு முன்பு அங்கே சில தொழிற்சாலைகளில் செய்து கப்பலேற்றினார்கள். வாங்கி விற்றவர்கள் ஆளுக்கொரு பெயரைத் தகட்டில் பொறித்து ஒட்டினார்கள். ஒரே டிரம்முக்குப் பல பெயர். ஒரே பெயரில் இரண்டு தொழிற்சாலைச் சரக்கு.

"ஆள் பாதி ஆடை பாதிங்கறது மனுஷனுக்கு. இதுக்கு ஆடை முழுப் பொய்ங்க. உள்ள கைய விட்டாத்தான் எந்த வீட்டுப் பிள்ளைன்னு தெரியும்" என்பார். ஒருவர் தன் டிரம்மை அமெரிக்கச் சரக்கு என்று பெருமையாகக் காட்டினார். இவர் துழாவிப் பார்த்து, "ஜப்பான் சார்" என்று பட்டென்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் கோபத்தில், இவர் பழுது பார்க்கும் லிஃப்டில் ஏறாமல் ஒரு மாதம் ஐந்து மாடி படியேறினார்.

வீட்டில் இப்போது பதினேழு டிரம்கள். வாஷிங் மெஷின் மேலேயே இரண்டு. "ஏங்க, நான் எங்க நிக்கறதுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்பார் மனைவி. சொல்லிக்கொண்டே துணியால் துடைத்தும் வைப்பார். காரணம் தெரிந்தவர்.

காரணம் இவருடைய அக்கா. கல்யாணத்துக்கு முன்பு ஒரு இசைக்குழுவில் டிரம் வாசித்தவள். தகட்டில் சிவப்பு நட்சத்திரம் போட்ட நீல செட். அதில் மூன்று கால்களில் நிற்கும் பெரிய டிரம்முக்கு, அடிவிளிம்பின் உள்ளே, அதைச் செய்த தொழிற்சாலைக்கே உரிய ஒரு மரவளையம் உண்டு. அந்த வளையத்தின் மேல்தான் தம்பி தன் கோலிக்குண்டுகளை ஒளித்து வைப்பார். அக்கா புகுந்த வீடு போன பிறகு, இடத்தை அடைக்கிறது என்று செட்டை விற்றதும் அதே தம்பிதான். அக்கா ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்தக் கேட்காத கேள்விதான் முப்பத்தெட்டு வருடமாக இவரைக் கடை கடையாக அலைய வைக்கிறது. அதே தொழிற்சாலையின் அதே மாதிரி செட்டில் மூன்று சேர்ந்துவிட்டன. அந்தப் பெரியது மட்டும் பாக்கி.

போன மாதம் கிடைத்தது. அதே நீலம், அதே நட்சத்திரம். சந்தோஷத்தில் கட்டைவிரலும் மறந்தது, துழாவலும் மறந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினார்.

அக்காவுக்கு இப்போது வலது கை சரியாக எழும்பாது. நட்சத்திரத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டாள்.

"டேய், இது என்னோடதுடா! எங்கடா புடிச்ச?"

இடது கையால் ஒரு தட்டு. இன்னொன்று. பிறகு நிற்கவில்லை. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருடங்கள் ஆகின்றன.

பழக்க தோஷம், இவர் கை தானாக அடியில் நுழைந்து விளிம்பைத் தடவியது. வளையம் இல்லை. வேறு தொழிற்சாலை.

"உள்ள என்னடா தேடற?" என்றாள் அக்கா, தட்டிக்கொண்டே.

"ஒண்ணுமில்லக்கா. தூசி."

கைக்குட்டையை எடுத்து, சுத்தமாக இருந்த உட்புறத்தை அவள் வாசித்து முடிக்கும்வரை சுற்றிச் சுற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.