தெம்மாடிக்குழியில் என் அப்பா

மட்டாஞ்சேரியில் எங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தின் பின்மூலையில், சுவரோரமாக ஒரு துண்டு நிலம் உண்டு. தெம்மாடிக்குழி, அதாவது போக்கிரிகளின் குழி, என்பார்கள். தூக்கு மாட்டிக்கொண்டவர்கள், கோயிலைப் பகைத்துக்கொண்டவர்கள், கோயிலில் கல்யாணம் கட்டாமல் குடித்தனம் நடத்தியவர்கள், எல்லாருக்கும் அங்கேதான் இடம். மணி அடிக்காது, சாமியார் வரமாட்டார். என் அப்பா அங்கேதான் கிடக்கிறார். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அப்பா நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர். கொச்சங்காடியில் இஞ்சிக் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா பாலக்காட்டுத் தமிழ் இந்து. அவளை முதலில் கட்டியவன் பம்பாய்க்கு ஓடிப்போய்விட்டான். அவன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் கோயிலில் கல்யாணம் நடக்காது என்றார்கள். தெரிகிறவரை காத்திருக்க இருவருக்கும் பொறுமை இல்லை. நான் பிறந்தேன்.

அப்பா ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போய்க் கடைசியில் நிற்பார். நற்கருணை அப்பம் வாங்க முடியாது. அம்மாவை விட்டுவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தால்தான் பாவமன்னிப்பு. அவர் கொடுக்கவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று அம்மா சிரிப்பாள். அப்பாவுக்குச் சிரிப்பு வராது.

எழுபதுகளின் கடைசியில், நான் பள்ளிக்கூடம் முடித்த வருடம், மஞ்சள் காமாலையில் போனார். ஆள் அனுப்பியும் சாமியார் வந்து சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. மறுநாள் காலை, கல்லறைப் பொறுப்பைப் பார்க்கும் கோயில் கைக்காரர் வீட்டுக்கு வந்தார். மலையாளி, ஆனால் எங்களோடு தமிழில்தான் பேசுவார். கெட்டவர் அல்ல. அம்மாவிடம் கேட்டார்.

“மரிக்கும் முன்னே அவன் செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டானா? இந்த ஜீவிதம் தப்பு, இவளை விட்டேன்னு ஒரு வாக்கு சொன்னான்னு நீ சொன்னா மதி, அது போதும். நல்ல இடம் தரலாம்.”

ஒரே ஒரு பொய். அப்பாவுக்கு மணியும் ஜெபமும் கிடைத்துவிடும். அம்மாவுக்கு ஆசைதான், சொல்ல வாயெடுத்ததையும் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் அதைச் சொல்லிவிட்டால், அப்பா கைகழுவிய பாவமாக நான்தான் மிஞ்சுவேன்.

“அழுதாரு சேட்டா. குடிச்சதுக்கு அழுதாரு. பெத்த தாயைக் கடைசிவரைக்கும் போய்ப் பாக்காததுக்கு அழுதாரு. ஏசுவே ஏசுவேன்னு கூப்பிட்டு அழுதாரு. என்னையும் இந்தப் பொண்ணையும் நெனச்சு மனஸ்தாபப்படலை. அதை மட்டும் நான் எப்படிச் சொல்ல?”

கைக்காரர் தலை குனிந்துகொண்டார். “அப்போ என்னால ஒண்ணும் செய்யப் பற்றாது.”

பாவம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் நிறையச் செய்திருக்கிறேன், முழங்காலில் நின்று அழுதும் இருக்கிறேன். இரக்கம் கிடைக்கும் என்று நம்புகிறவள் நான். ஆனால் ஏசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் யாரும் சாட்சி கேட்கவில்லையே! அவனுக்குத் திறந்த மோட்சக் கதவை என் அப்பாவுக்கு மட்டும் சாத்த இவர்கள் யார்?

கிடங்குக்காரர்கள்தான் பெட்டியைத் தூக்கினார்கள். குழிக்குள் இறக்கியதும் ஜெபம் சொல்ல ஆளில்லை. ஞானஸ்நானம் பெறாத என் அம்மா, அப்பா தினமும் சொல்லிக் கேட்டே பாடமாகிப்போன மாதா ஜெபத்தைத் தொடங்கினாள். கைக்காரர் ஓடிவந்தார்.

“இங்க ஜெபம் சத்தமா சொல்லக்கூடாது. சாமியாருக்குக் கேட்டா யாருன்னு கேப்பார்.”

அம்மா தடுமாறினாள். நான் அவள் விட்ட இடத்திலிருந்து உரக்கச் சொல்லி முடித்தேன்.

“கேட்டா, செத்தவரோட சொந்தக்காரின்னு சொல்லாதீங்க, ஊர்க்காரின்னு சொல்லாதீங்க,” என்றேன். “அந்தப் பொம்பளைக்கு எங்கப்பா பெத்த மகள்னு சொல்லுங்க.”